பாத்துச் சொல்லுங்கய்யா

தங்கமணி விரல் வைத்துக் காட்டிய இடம் சரியான இடமாக இருந்தது. பரஞ்சோதிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

மூன்று வருஷமாக அவள் எந்த வலியையும் அது இருக்கும் இடத்தில் காட்டியதில்லை. காது வலித்தால் முழங்கையைத் தடவுவாள். தலை வலிக்கிறது என்று அழுவாள், பார்த்தால் வயிறு ஊதியிருக்கும். அன்று மத்தியானம் மரவள்ளிக் கஞ்சியை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு அவர் எழுந்தபோது, அவள் சேலையை முழங்கால்வரை சுருட்டி இடது காலை நீட்டினாள். ஆள்காட்டி விரலை முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் நடுவே ஓர் இடத்தில் ஊன்றினாள். எப்போதும் காற்றில் அலைந்துகொண்டிருக்கும் அந்த விரல் அசையாமல் நின்றது.

"இங்கதான். எலும்புல கொடையுது. பாத்துச் சொல்லுங்கய்யா."

அவர் தரையில் குந்தினார். வயதான தோல், நீல நரம்பு, வறண்ட செதில். வேறு எதுவும் இல்லை. கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திக்கொண்டே போனார். கண்ணைக் காலில் வைக்காமல் அவள் முகத்தில் வைத்திருந்தார். ஒரு காசு அகலம்கூட வராத அந்த ஓர் இடத்தில் விரல் பட்டபோது அவள் முகம் சுருங்கியது. கஞ்சி ருசியாக இருந்ததா என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, அவள் ஜன்னலைப் பார்த்த நேரத்தில், மறுபக்கமாக வந்து அழுத்தினார். அதே இடம். அதே சுருக்கம்.

வெளியே ரப்பர் கொட்டைகள் வெயிலில் வெடித்துக்கொண்டிருந்தன. டப் என்று பக்கத்தில் ஒன்று, நெடுநேரம் கழித்துத் தொலைவில் இன்னொன்று, பிறகு தகரக் கூரைமேல் ஏதோ விழுந்து உருண்டு ஓரத்துக்கு வந்து நிற்கும் சத்தம். அந்தச் சத்தங்களுக்கு நடுவில்தான் அவருக்கு இரண்டாவது விஷயம் உறைத்தது. 'ஐயா' என்றிருக்கிறாள். முப்பத்து நாலு வருஷமாக அவள் அவரைக் கூப்பிடுவது 'என்னாங்க' என்றுதான். அவர் பெயர் மறந்துபோய், அவரைக் கட்டிக்கொண்டதே மறந்துபோய், அந்த வீட்டின் சமையலறை எந்தப் பக்கம் என்பதும் மறந்த பிறகும் 'என்னாங்க' மட்டும் நாக்கில் இருந்தது. ஐயா என்று அவரைக் கூப்பிடுகிறவர்கள் தோட்டத்து ஆட்கள்.

"ஒண்ணுமில்ல தங்கம். கால் நல்லாத்தான் இருக்கு."

அவள் அவரையே பார்த்தாள்.

"அன்னைக்கும் அப்படித்தான் சொன்னீங்க."

சிடாம் கிரிக்கு அருகிலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் எட்டுக் கட்டில், ஒரு மருந்து அறை, நீண்ட வராந்தா. அதை ஒட்டி, புண் கட்டி மருந்து கொடுக்கும் டிரசரின் வீடு. வெள்ளைக்கார துரையும், மாதம் இரண்டு முறை வந்துபோன டாக்டரும், ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய வாரமே காரேறித் தெற்கே போய்விட்டார்கள். அதன்பிறகு டிரசர் பரஞ்சோதிதான் டாக்டர். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா பாட்டில் காலியாகி ஒரு வருஷமாகிவிட்டது. மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுப்பது ஏறக்குறைய நின்றுபோய், பாதி மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டிருந்தார்கள். வெந்நீர், உப்பு, கிழித்துத் துவைத்த பழைய படுக்கை விரிப்பு. அவரிடம் இருந்த மருந்துகள் அவ்வளவே.

தங்கமணிக்கு மறதி வந்தது ஜப்பான் சண்டைக்கு முன்னால். முதலில் குழம்பில் இரண்டு முறை உப்பு. பிறகு கிணற்றடிக்குப் போனவளுக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் தினமும் விடியலில் வரிசையாக நின்ற ஆட்களில் எவன் வயிற்றுவலி உண்மை, எவன் வேலைக்குப் போக மனமில்லாமல் வயிற்றைப் பிடிக்கிறான் என்று ஒரு பார்வையில் சொன்னவருக்கு, சொந்த மனைவியின் வலி பிடிபடவில்லை. ஒரு தடவை மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விளக்கெண்ணெய் கொடுத்தார். நாலாம் நாள் காலையில் கன்னம் வீங்கியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல்லடியில் சீழ். அன்று அவர் மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டு அவள் உடம்பைக் கேட்கப் பழகினார். தினம் காலையில் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார். நாக்கு, ஈறு, காது, அக்குள், கால்விரல் இடுக்கு. வயிற்றை அழுத்திப் பார்ப்பார், மெத்தென்று இருக்கிறதா என்று. வெளிக்குப் போனாளா, எத்தனை நாளாயிற்று, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க மறுக்கிறாள், நேற்று விரும்பித் தின்றதை இன்று ஏன் துப்புகிறாள். இப்படிப் பார்த்துப் பார்த்தே காதுக்குள் புகுந்த வண்டு, உள்ளங்காலில் புதைந்த முள், சொல்லாமல் வந்த காய்ச்சல் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

காலில் எதுவும் இல்லை. மறுநாளும் பார்த்தார். அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள் அவள் நொண்டத் தொடங்கினாள். நாலாம் நாள் வாடை வந்தது. முதலில் அழுகிய பலாச்சுளையைப் போல இனிப்பாக. பிறகு அந்த இனிப்புக்கு அடியிலிருந்து இன்னொன்று. டிரசர் வேலையில் அந்த வாடையை அறியாதவர் இல்லை. படுக்கையை உதறினார், பாயை வெயிலில் போட்டார், செத்த எலி இருக்கிறதா என்று பரண்வரை தேடினார். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு அவள் இடது காலில், அவள் காட்டிய இடத்தில் மூக்கை வைத்தார். சுத்தமான தோல். அதிலிருந்துதான் வந்தது.

தினம் மத்தியானம் தங்கமணியைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட செல்லாயி வருவாள். அவள் புருஷன் முனியாண்டி வைகாசியில் சயாமுக்குப் போனவன். ரயில் பாதை போட ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போன முப்பது பேரில் ஒருவன். போய் மூன்று மாதமாகியும் யாரிடமிருந்தும் ஒரு சொல் வரவில்லை. செல்லாயி இந்த வேலைக்குக் கைநீட்டி எதுவும் வாங்குவதில்லை. வற்புறுத்தினால் ஒரு கிழங்கு எடுத்துக்கொள்வாள்.

"என்னமோ வாடை அடிக்குதுங்கய்யா," என்றாள் அன்று.

"எலி செத்துக் கெடக்கும். தேடுறேன்."

அவள் தங்கமணியின் முதுகைத் துடைத்தபடி, தினமும் கேட்பதைக் கேட்டாள். "எங்க மாமாகிட்டேர்ந்து எதும் சேதி வந்துச்சாங்கய்யா?" புருஷனை அவள் மாமா என்றுதான் சொல்வாள்.

"இல்ல செல்லாயி."

"ம். நீங்க அன்னைக்கு அவ்ளோ சொல்லிப் பாத்தீங்க. அந்த ஜப்பான்காரப் பாவி கேக்கல. எங்க நேரம்லா."

அவர் மருந்து அறைக்குள் போய், காலிப் பாட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் துடைத்தார். துடைத்தவற்றையே மறுபடியும் துடைத்தார்.

பெரட்டு என்று சொல்கிற, காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் களத்தில்தான், வைகாசியில், அது நடந்தது. பனி இன்னும் விலகவில்லை. முப்பது ஆள் வேண்டும் என்றான் ஜப்பான் அதிகாரி. டிரசர் ஆகாது என்று சொல்கிற ஆளை விட்டுவிடுவதாகவும் சொன்னான். மொழி தெரிந்தவன் அதை மலாயில் சொல்ல, ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு பரஞ்சோதியின் காதருகே குனிந்து இன்னொன்றும் சொன்னார்.

"ஆள் கொறைஞ்சா ஆபீஸ் ஆளுங்கள்லேர்ந்து எடுப்பானாம். பாத்துக்குங்க."

நான் போனால் தங்கமணிக்கு யார் ஊட்டுவார்கள்? அந்தக் கேள்வி உண்மையானது. உண்மையாக இருந்ததால் அதன் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபமாக இருந்தது.

முனியாண்டி இடது காலின் துணியை அவிழ்த்தான். "எலும்புல கொடையுது. பாத்துச் சொல்லுங்கய்யா."

ஒரு காசு அகலப் புண். ஓரங்கள் உள்வாங்கி, அடி சாம்பல் நிறமாக இருந்தது. வெளியே தெரிவதைவிட உள்ளே பெரிதாகிவிட்டது என்பது பரஞ்சோதிக்கு ஒரு நொடியில் தெரிந்தது. அதைச் சுத்தமான துணியால் கட்டினார்.

"ஒண்ணுமில்ல. நாலு நாள்ல ஆறிடும்."

அடுத்து இருளப்பன், இருமலுடன். ஒண்ணுமில்ல. அதற்கடுத்து அய்யாவு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரத்தமாகப் போகிறது என்றான். ஒண்ணுமில்ல. அன்று அவர் ஒருவனைக்கூட ஆகாது என்று சொல்லவில்லை. ஒவ்வொருவனும் அவரை நம்பித்தான் லாரியில் ஏறினான். முனியாண்டி ஏறும்போது வலது காலை முதலில் வைத்து, இடது காலைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் செல்லாயி வராந்தாவில் வந்து விழுந்து அழுதாள். அவர் சொன்னார்: "நான் ஆகாதுன்னுதான் சொன்னேன் செல்லாயி. ஜப்பான்காரன் கேக்கல." அவள் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாளிலிருந்து தங்கமணியைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டாள்.

வாடை வந்த வாரத்தில் இருமலும் வந்தது. விடியலில், பனி ஜன்னல்வழி உள்ளே நுழையும் நேரத்தில், தங்கமணி மல்லாந்தபடி இருமினாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சைக் கிழித்துக்கொண்டு, கடைசியில் ஒரு விசில்போல முடிகிற ஆண்பிள்ளை இருமல். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவள் முதுகில் வைத்துக் கேட்டார். நுரையீரல் சுத்தமாக இருந்தது. காற்று தங்குதடையில்லாமல் போய்வந்தது. இருமல் அந்த நெஞ்சிலிருந்து வரவில்லை, வாயிலிருந்து மட்டும் வந்தது.

"மழ நிக்கவே மாட்டேங்குது," என்றாள் அவள். வெளியே பத்து நாளாகத் தூறல்கூட இல்லை. "படுக்க எடமில்ல. எல்லாம் தண்ணி."

பாய் காய்ந்திருந்தது. அவள் புடவை காய்ந்திருந்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

செல்லாயிதான் பேச்சுவாக்கில் ஏதாவது சொல்லியிருப்பாள். அதைக் கேட்டு இவளுக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். மூளை கலங்கியவர்கள் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வது உண்டு. அப்படித்தான் என்று அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார். வாடைக்குத்தான் காரணம் கிடைக்கவில்லை.

ஒரு நாள் காலை அவர் எழுந்தபோது வாடை நின்றிருந்தது. அவருக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. தங்கமணி பாயில் உட்கார்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். வலது கை இடது தொடையைத் தடவிக்கொண்டு போய், முழங்காலுக்கு வந்ததும் கீழே இறங்கிப் பாயைத் தொட்டது. மறுபடியும் தொடை, முழங்கால், பாய். கால் அங்கேதான் நீட்டியிருந்தது. கை அதைத் தொடாமல், அது இருக்கும் இடத்தில் எதுவும் இல்லாததுபோல, சுற்றிக்கொண்டு போனது.

"என்ன தேடுற தங்கம்?"

"கால் எங்கய்யா?"

அதற்குப் பிறகு அவள் இடது காலை ஊன்றவே இல்லை.

ஆவணி மாதக் கடைசியில் அவர் பாடாங் செராய்க்குப் போனார். யாரோ தேங்காய் எண்ணெய்க் கட்டிச் சோப்பு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாதித் தூரம் மாட்டுவண்டியிலும் பாதித் தூரம் நடந்தும் போனார். சந்தை நடக்கும் பாசாருக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், சாக்குத்துணியைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் சுவரில் சாய்ந்திருந்தான். முழங்கை எலும்பு தோலுக்கு வெளியே வந்துவிடும்போல இருந்தது. அம்மாசி என்று பெயர். லூனாஸ் பக்கத்துத் தோட்டத்துக்காரன். சயாம் முகாமிலிருந்து தப்பி, காட்டிலும் சரக்கு ரயிலிலுமாக வந்து சேர்ந்தவன். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பெயராகச் சொல்லிக் கேட்டார்கள். பரஞ்சோதி எதுவும் கேட்கவில்லை. வேறு யாரோ சிடாம் கிரி ஆட்களைப் பற்றிக் கேட்டார்.

"ஒருத்தர் எங்க குடிசையிலதான் கெடந்தாரு. முனியாண்டின்னு," என்றான் அம்மாசி. "கால் புண்ணு. எலும்பு தெரிஞ்சிச்சி. மழ வேற, கீழ எல்லாம் தண்ணி. அந்த நாத்தத்துக்கு நாங்க தள்ளிப் படுப்போம். கடைசியில முட்டிக்குக் கீழ அறுத்துப் போட்டுட்டானுங்க. மருந்து கிருந்து ஒண்ணுமில்ல. ரெண்டு நாள்கூட தாங்கல மனுசன்."

கொஞ்சம் தண்ணீர் குடித்தான்.

"யார் அந்தப் பக்கம் போனாலும் கால நீட்டிக் காட்டுவாரு. ஜப்பான்காரன்கிட்டகூட. பாத்துச் சொல்லுங்கய்யா, பாத்துச் சொல்லுங்கய்யான்னு. யாரோ டிரசர் வருவாருன்னு நெனச்சிக்கிட்டே இருந்தாரு."

சோப்புத்துண்டு ஒன்று பரஞ்சோதிக்குக் கிடைத்தது. அதைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நடந்தார். வீட்டுக்கு வந்தபோது அது விரல் பதிந்து வளைந்திருந்தது.

வராந்தாவில் செல்லாயி நின்றாள். உள்ளே தங்கமணியின் குரல், யாரிடமோ பேசுவதுபோல, தணிந்து ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா இன்னைக்கு என்னென்னமோ பேசுறாங்கய்யா. எங்க மாமா பேர்கூட சொன்னாங்க. கிட்ட போய்க் கேட்டா நிறுத்திட்டாங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. முனியாண்டி செத்துவிட்டான் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தார். வேறொன்று வந்தது.

"அவளுக்கு வெஷக் காய்ச்சல் மாதிரி இருக்கு. ஒட்டிக்கும். நான் சொல்ற வரைக்கும் நீ வராத."

"தனியா எப்படிங்கய்யா…"

"வராதன்னு சொல்றேன்ல."

அவள் போன பிறகு கதவைச் சாத்தினார். தங்கமணி பேச்சை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். விரல் ஒன்று எழுந்து அவரை நோக்கி நீண்டது.

அன்றிலிருந்து அவர் அவளைப் பார்ப்பதை நிறுத்தினார். கஞ்சி ஊட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. துணி மாற்றினார், இருட்டில். காலையில் தலையிலிருந்து கால்வரை பார்ப்பது நின்றது. அந்த உடம்பில் எதைத் தொட்டால் எவன் முனகுவான் என்று தெரியவில்லை. பாயை மருந்து அறையில் போட்டுக்கொண்டு, துணிக்கிழிசலை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு படுத்தார்.

முதல் நாள், வயிறு என்றாள். அடைத்த காதுக்குள்ளும் அந்தச் சொல் வந்தது. வயித்த வலிக்குது. அய்யாவு, என்று நினைத்துக்கொண்டார். இனி அவன் முறை.

இரண்டாம் நாள் கஞ்சியை வாங்கவில்லை. வாந்தி எடுத்தாள். பழுப்பாக, நாற்றமாக. மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தார். அங்கே முகாமில் அய்யாவு இப்படித்தான் கிடக்கிறான் போலிருக்கிறது என்று எண்ணினார். அவள் அவர் கையைப் பற்றித் தன் வயிற்றுக்கு இழுத்தாள். கையை விடுவித்துக்கொண்டு மருந்து அறைக்கு ஓடினார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரே சொல். அடைப்பின் வழியாக அதன் மேடுபள்ளம் மட்டும் கேட்டது. துணியை இன்னும் ஆழமாக அழுத்தினார்.

மூன்றாம் நாள் சத்தம் இல்லை. அவர் நன்றாகத் தூங்கினார்.

நாலாம் நாள் மத்தியானம் செல்லாயி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஒட்டுனா ஒட்டட்டும். என்னால இருக்க முடியல," என்றாள். தங்கமணியின் புடவையை விலக்கினாள். அப்படியே நின்றாள்.

"ஐயா. இங்க வாங்க. அம்மா வயிறு கல்லாட்டம் இருக்கு."

அவர் வந்தார். பார்த்தார். நாலு நாளில் முதல் தடவையாகக் கண்ணை அதன்மேல் வைத்துப் பார்த்தார். வயிறு உப்பி, தோல் மினுங்கி, நரம்புகள் படர்ந்திருந்தன. விரலை வைத்துத் தட்டினார். பறைபோல ஒலித்தது. அழுத்தினார். உள்ளே கெட்டியாக ஒன்று இருந்தது. இது எவனுடையதும் இல்லை. இது இங்கேயே, இந்த வயிற்றில், நாளுக்கு நாள் வளர்ந்தது.

"கடைசியா எப்ப வெளிக்குப் போனாங்க?" என்று செல்லாயி கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக நாள் தவறாமல் தெரிந்து வைத்திருந்தவருக்குத் தெரியவில்லை. முதல் நாளே ஒரு சோப்புத் தண்ணீர் எனிமா கொடுத்திருந்தால் போதும். சோப்பு அலமாரியில்தான் இருந்தது. ஓடிப்போய் எடுத்தார், வெந்நீரில் கரைத்தார், குழாயைத் தேடினார், அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டினார், மறுபடி கரைத்தார். போட்ட தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. நாடி நூலாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டி கட்டி சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றாள் செல்லாயி. அந்த வயிறு அவ்வளவு தூரம் வண்டிக் குலுக்கலைத் தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

வானம் கறுத்து, கொட்டை வெடிக்கும் சத்தம் நின்றது. தங்கமணி கண்ணைத் திறந்தாள். கண்ணில் தெளிவு இருந்தது. எத்தனையோ மாதமாக இல்லாத தெளிவு.

"என்னாங்க."

"சொல்லு தங்கம். சொல்லு."

"முந்தாநாளே கூப்புட்டேன்." அவள் அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். சரியான இடத்தில். "இது எனக்குத்தான் வலிக்குது."

கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட அந்த ஒரே சொல் என்னவென்று அவருக்கு அப்போது தெரிந்தது. அதன் மேடுபள்ளம் முப்பத்து நாலு வருஷமாக அவர் கேட்டது. ஐயா இல்லை. என்னாங்க. என்னாங்க. நாள் முழுக்க.

மழை இறங்கியபோது அவள் போய்விட்டாள்.

செல்லாயி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். தகரத்தில் மழை அறைந்தது. பரஞ்சோதி ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினார். இரண்டு நிமிஷம் முழுதாகக் கேட்காமல் அவர் எவரையும் செத்துவிட்டதாகச் சொன்னதில்லை. வட்டத் தகட்டை அவள் இடது மார்புக்குக் கீழே வைத்தார்.

துடிப்பு இல்லை. மூச்சு இல்லை.

ஒரு நிமிஷம்.

அடியில், வெகு ஆழத்தில், யாரோ இருமினார்கள். விசில்போல முடிகிற இருமல். நின்றது. பிறகு வேறு ஒருவருடையது. சேற்றில் கால்கள். நிறையக் கால்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, இடம்விட்டு இடம் மாறி, விடியலில் வரிசையில் நிற்பவர்கள் எழுப்புகிற சத்தம்.

குழாயைக் காதிலிருந்து பிடுங்கி எறிந்தார். அறையில் மழை மட்டும்.

மறுபடியும் மாட்டினார். ஏன் என்று தெரியவில்லை. மாட்டினார். அவர்கள் நெருங்கி வந்திருந்தார்கள்.

"உசிரு இருக்காங்கய்யா?" என்றாள் செல்லாயி.

அவர் உதடு அசைந்தது.

"இருக்கா இல்லியா? சொல்லுங்களேன்!"

அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மண்டியிட்டாள். தங்கமணியின் நெஞ்சின்மேல் காதை வைத்துப் படுத்தாள். அழுதுகொண்டே வைத்தாள்.

அழுகை நின்றது.

அவள் உடம்பு விறைத்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது. ஒரு கை வந்து, செத்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டது.

"மாமா?"

எழுந்திரு செல்லாயி என்று அவர் சொன்னார். சொன்னதாக நினைத்தார்.

"கால் வலிக்குதா மாமா?"

மழை. தங்கமணியின் வாய் மூடியிருந்தது. கண் பாதி திறந்து கூரையைப் பார்த்திருந்தது. செல்லாயி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ம்," என்றாள். "ம்."

காதை இன்னும் அழுத்தி வைத்தாள். அவள் கண்கள் மட்டும் திரும்பின. தரையில், சுவரில், அவர் காலில், மெல்ல மேலே ஏறி, அவர் முகத்தில் வந்து நின்றன. இமைக்கவில்லை. நெடுங்கதையை ஒருவர் முதலிலிருந்து, அவசரமில்லாமல், ஒன்றுவிடாமல் சொல்லக் கேட்பவளைப்போல, குளிர்ந்துபோன அந்த நெஞ்சின்மேல் அவள் தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"ம். அப்புறம்?"